சாமி அலுமாரிக்குப் பின்னால்

வெடித்த சுவர் ஒன்றைச் சாமி அலுமாரியால் மறைத்தேன். பிறகு அந்த வீட்டை, நான்கு வயதுக் குழந்தை உள்ள ஒரு குடும்பத்துக்கு விற்றேன்.

தெரியாமல் செய்யவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சுவரைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நான்தான். தெரிந்துதான் செய்தேன்!

இதை வாசிக்கும் நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அது எனக்கு வசதியாக இருக்கிறது. தெரிந்த முகம் ஒன்றுக்கு முன்னால் நின்று இதைச் சொல்ல என்னால் முடியுமென்றால், ஆறு மாதங்களுக்கு முன்பே சொல்லியிருப்பேன்.

இப்போது ஏப்ரல். மொன்றியலில் பனி கரைகிறது. பேருந்தில் எல்லோரும் கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டு வருகிறார்கள். நானோ காலையில் கண் விழித்ததும் திரைச்சீலையை விலக்கித் தெருவோரத்தில் ஓடும் தண்ணீரைப் பார்க்கிறேன். எவ்வளவு ஓடுகிறது... எவ்வளவு நிலத்துக்குள் இறங்குகிறது... தொலைபேசி அடித்தால், யாருடைய இலக்கம் என்று பார்த்துவிட்டே எடுக்கிறேன். கதவு மணி அடித்தால், வழக்கறிஞரின் பதிவுக் கடிதத்தோடு யாரோ நிற்கிறார்கள் என்றே முதலில் நினைக்கிறேன்.

பயம் என்றால் என்னவென்று இந்த வசந்தத்தில்தான் அறிந்தேன்.

எங்கள் வீடு விமான நிலையத்தை ஒட்டிய டோர்வலில் இருந்தது. விமானம் இறங்கும்போது அடுப்படி யன்னல் அதிரும். அப்பா அந்த விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் தட்டுக் கழுவினார், பதினேழு வருடங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். அம்மா பள்ளிக்கூடமே போகாதவர். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது இங்கே வந்தோம். மூன்றே மாதத்தில் வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசிக்கத் தொடங்கினேன். வங்கியில் நான். வைத்தியரிடம் நான். வரிக் காகிதத்தில் நான்.

"படிச்ச பிள்ளை சொன்னாச் சரிதான்" என்பார் அப்பா. எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் அந்த வசனத்தோடு முடிந்துவிடும்.

நான் படித்தது என்ன தெரியுமா? கட்டட நுட்பம்! எங்கள் பரம்பரையில் கல்லூரிக்குப் போன முதல் ஆள், கட்டடங்களின் அத்திவாரத்தைப் பற்றிப் படித்தேன். மண்ணுக்குள் தண்ணீர் எப்படி நகரும், சுவரை எப்படித் தள்ளும், எந்த வெடிப்பு வெறும் கீறல், எந்த வெடிப்பு ஆபத்து... அதை வைத்துத்தான் இன்றும் சம்பளம் வாங்குகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முந்தைய வசந்தத்தில் அந்த வெடிப்பைக் கண்டேன். நிலவறையில் இருந்த அறையில் என் தங்கை மதுரா நான்கு வருடங்களாகப் படுத்திருந்தாள். ஒருநாள் அவளுடைய சார்ஜர் கட்டிலுக்குப் பின்னால் விழுந்துவிட்டது என்று கட்டிலை இழுத்தேன். யன்னல் மூலையிலிருந்து தரைவரை, ஒரு விரல் நுழையாத, ஆனால் ஒரு நகம் நுழையக்கூடிய கோடு! அதன் இருபக்கமும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கீழே சுவர்ப்பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். தேநீரில் நனைந்த பாண் துண்டுபோல உள்ளே போனது. ஒரு துண்டை உடைத்துப் பார்த்தேன். பின்பக்கம் முழுவதும் கறுப்புப் பூஞ்சணம்.

மதுரா அந்த நான்கு வருடமும் இருமிக்கொண்டிருந்தாள். "கீழ குளிர்தானே" என்று நாங்கள் சொல்லுவோம். அவளுக்குச் சுவாசிக்கும் மருந்து ஒன்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அன்றே அவளை மேலே என் அறைக்கு மாற்றினேன். "படிக்கிறதுக்கு வெளிச்சம் வேணும், நீ மேல போ" என்றேன். நான் கூடத்துச் சோபாவுக்குப் போனேன். பள்ளி விடுமுறை தொடங்கும்போது அவளுடைய இருமல் நின்றுவிட்டது.

அறைதான் அவளை இருமவைத்தது என்று எனக்கு இனி யார் சொல்லவேண்டும்? எனக்குத் தெரிந்தது. அந்தக் கோடைக்குள் வெளிப்பக்கம் தோண்டித் திருத்துவோம் என்று நினைத்தேன். பிறகு அடுத்த கோடை என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டைத் தெரிவுசெய்தவனும் நான்தானே! "இது நல்ல வீடு அப்பா" என்று சொல்லி வாங்கவைத்த படித்த பிள்ளை...

அதற்குள் அப்பாவின் முழங்கால்கள் இரண்டும் போயின. படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொள்வார். ஜான்-டலோன் சந்தைக்கு நடந்து போகும் தூரத்தில், மின்தூக்கி உள்ள ஒரு தொடர்மாடி வீட்டுக்குக் கையெழுத்து வைத்துவிட்டோம். பனி விழும் மாரிக்கு முன் டோர்வல் வீடு விற்றாக வேண்டும். சுவர் திருத்துகிற ஒருவரை யாருக்கும் தெரியாமல் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார்: நிலம் உறையப்போகிறது, இனி வசந்தத்தில்தான் தோண்டலாம்.

வசந்தம்வரை எங்களால் காத்திருக்க முடியாது. அப்பாவால் முடியாது. இதை ஒரு நியாயமாக நான் உங்களுக்குச் சொல்கிறேனா? தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

யோகன் அண்ணைதான் எங்கள் வீட்டை விற்றுத்தந்த முகவர். வாசலில் நின்றே மூக்கை இழுத்து மணந்து பார்த்தார்.

"அக்கா, இண்டைக்கு நெத்தலியோ?"

"ஓம் தம்பி, இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோவன்" என்றார் அம்மா, முகம் மலர்ந்து.

"சாப்பிடுறன். ஆனா இந்த வீட்டில இதுதான் கடைசி நெத்தலி. ஆக்கள் வந்து வீடு பாக்கிற ஓப்பன் ஹவுஸ் முடியுமட்டும் மீன் இல்லை, கருவாடு இல்லை, தாளிதம் இல்லை. ஆரும் பொரிச்சியளோ, நான் வாசல் போர்டைப் பிடுங்கிக்கொண்டு போயிடுவன்!"

"அப்ப என்னத்தைத் தின்னுறது?" என்றார் அப்பா.

"பாணும் பட்டரும் தின்னுங்கோ அண்ணை. ரெண்டு கிழமைக்கு வெள்ளைக்காரனா இருங்கோ, என்ன குறைஞ்சு போகும்?"

அறை அறையாக நடந்து விரல் நீட்டினார். அரிசி மூட்டை வெளியே. வாசலில் செருப்புக் குவியல் வெளியே. கல்யாணப் படம், பட்டமளிப்புப் படம், கூடத்துச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த மதுரா பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டுப் படம், எல்லாம் வெளியே. "மெர்சி அங்கிள்! ஆறு வருசமா நானும் இதைத்தான் கேக்கிறன்" என்று மதுரா துள்ளினாள்.

"அப்ப எங்கட வீட்டில நாங்கள் இருந்த மாதிரியே தெரியக்கூடாது, அப்பிடித்தானே?" என்று அப்பா கேட்டார்.

"அதேதான் அண்ணை! வாறவன் தன்னை இந்த வீட்டில வைச்சுப் பாக்கவேணும். உங்களை வைச்சுப் பாத்தானெண்டால் ஓடிப்போயிடுவான்."

எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர் அடுப்படிக்குப் போனார். அங்கே சாமி அலுமாரி நின்றது. அப்பா தன் உறவினர் ஒருவரைக் கொண்டு செய்வித்தது, என்னைவிட உயரம், இரண்டு கதவுகள், உள்ளே முருகன், பிள்ளையார், அம்மாளாச்சி, விளக்கு, சாம்பிராணி.

"இதையும் எடுக்கவேணும் அக்கா" என்றார் யோகன் அண்ணை, குரலைத் தாழ்த்தி. "கோவிக்காதேங்கோ. அடுப்படியில எண்டால் மற்ற ஆக்களுக்கு விளங்காது."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "சாமியைப் பெட்டிக்குள்ள போட்டு மூடச் சொல்லுறியளோ?"

அப்போது நான் பேசினேன்.

"பெட்டிக்குள்ள போடவேண்டாம். கீழ மதுராவின்ர பழைய அறையில வைப்பம். அங்க ஒரு பூசை அறை மாதிரி இருக்கட்டும்."

இந்த இடத்தில் நீங்கள் என்னை நம்பவேண்டும்... அந்தக் கணத்தில் என் நினைவில் முருகன் இல்லை. அம்மாவின் கண்ணீரும் இல்லை. அலுமாரியின் அகலம் இருந்தது. வெடிப்பை மூடி, இருபக்கமும் ஒரு சாண் மிஞ்சும் என்று கண்ணாலேயே அளந்திருந்தேன்!

எங்கள் ஆட்கள் சாமி அலுமாரியை இழுத்துப் பார்க்க மாட்டார்கள். மற்றவர்கள், இழுக்கலாமா என்று எங்களைக் கேட்பார்கள். இது எனக்குக் கல்லூரி சொல்லித்தந்ததல்ல. இப்படியொரு குடும்பத்தில் வளர்ந்ததால் தெரியும்.

"நிலத்துக்குக் கீழயோ தம்பி?" என்று அம்மா தயங்கினார்.

"சுவர் முழுக்கப் புது வெள்ளை அடிச்சுத் தாறன் அம்மா. கிழக்குப் பாத்துத்தான் வைப்பன்."

அம்மா என் கன்னத்தை இரண்டு கைகளாலும் பிடித்தார். "என்ர பிள்ளை சாமியைக் கைவிடேல்ல" என்றார்.

அந்தக் கைகளின் சூடு... வேண்டாம். மேலே சொல்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை பகலில் அப்பாவும் அம்மாவும் மதுராவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் முகமூடி போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். அழுகிய பலகையை வெட்டி எடுத்தேன். பிளீச் ஊற்றித் துடைத்தேன். வெடிப்புக்குள் பசையை அழுத்தினேன். புதுப் பலகையை அறைந்து, கறை மறைக்கும் பூச்சை இரண்டு தரம் பூசி, அதன்மேல் வெள்ளை அடித்தேன். இது எதுவும் தண்ணீரை நிறுத்தாது. ஒரு மாரியைத் தாண்டும், அவ்வளவுதான். எனக்கு அது திட்டவட்டமாகத் தெரியும். தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது. உள்ளே பூசுவது முகத்துக்குப் பவுடர் போடுவதுபோல. என் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் சொல்லிச் சிரிக்கவைத்த அதே வேலையைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன்.

மறுநாள் யோகன் அண்ணையும் நானும் அலுமாரியை இறக்கினோம். "முருகா, கனக்கிறாயடா, பழனியில இருந்தே நடந்து இறங்கியிருக்கலாமே!" என்று அவர் படியில் நின்று மூச்சு வாங்கினார். சுவரோடு ஒட்டித் தள்ளினோம். அம்மா படங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார். சரியாகக் கிழக்கு. எல்லோருக்கும் திருப்தி.

அன்று மாலை, விற்பவர் நிரப்ப வேண்டிய பிரெஞ்சுப் படிவம். வீட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கேள்விகள். ஒவ்வொன்றையும் அப்பாவுக்குத் தமிழில் சொல்லி, அவர் பதிலைக் கேட்டு, நான் அடையாளமிட்டேன். கூரை எப்போது மாற்றியது? எலி வந்ததா? எண்ணெய்த் தாங்கி இருந்ததா? அப்பா ஒவ்வொரு கேள்விக்கும் யோசித்து, உண்மையாகப் பதில் சொன்னார். "ஒருக்கா எலி வந்தது, அதையும் போடு. பேந்து பொய் சொன்னம் எண்டு வரக்கூடாது" என்றார்.

நிலவறையில் தண்ணீர் கசிந்ததா, பூஞ்சணம் இருந்ததா என்ற கேள்வி வந்தது. அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

இல்லை என்ற கட்டத்தில் அடையாளமிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தேன். அப்பா என் விரல் இருந்த இடத்தில், தமிழில், ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார்.

விளங்குகிறதா உங்களுக்கு? பொய் என்னுடையது. கையெழுத்து அப்பாவுடையது!

ஓப்பன் ஹவுஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை. வீட்டுக்காரர் உள்ளே இருக்கக்கூடாது என்பது வழக்கம். நாங்கள் நால்வரும் தெருவின் மறுபக்கத்தில் காருக்குள் இருந்தோம். அம்மா பணிஸ் பிய்த்துக் கொடுத்தார். உள்ளே போகிறவர்களை அப்பா எண்ணினார். "அந்த நீலக் கோட்டுக்காரி ரெண்டாந்தரம் போறாள்... வாங்குவாள் போல" என்று பந்தயம் பார்ப்பதுபோல இருந்தார். நான் நிலவறையின் சின்ன யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நிழல் அசையும்போதெல்லாம் அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன்.

மூன்றரை மணிபோல யோகன் அண்ணை வாசலுக்கு வந்து என்னைக் கைகாட்டி அழைத்தார். "தம்பி, எங்கட ஆக்கள். இந்தியாக்காரர். கீழ நிக்கினம். அந்த அக்காவுக்கு உம்மோட கதைக்கவேணுமாம்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிகளை இறங்கினேன். கண்டுவிட்டார்கள், இழுத்துப் பார்த்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

அலுமாரிக்கு முன்னால் ஒரு பெண் வெறுங்காலோடு நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். பெயர் சரண்யா. கணவர் செந்தில், கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. அவர்களுடைய நான்கு வயது மகள் தியா, அந்த அறையில் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இது உங்க வீடா? பதினோரு வீடு பாத்துட்டோம். எல்லாம் ஹோட்டல் ரூம் மாதிரி துடைச்சு வச்சிருந்தாங்க. இங்கதான் மனுஷங்க வாழ்ந்திருக்காங்கன்னு தெரியுது" என்றார் சரண்யா. "சாமி இருந்த இடம். ஏங்க, இந்த ரூம் பாப்பாவுக்கு."

"அதுக்குள்ள முடிவே பண்ணிட்டியா? பாத்ரூமைக்கூட இன்னும் பாக்கல!" என்று செந்தில் சிரித்தார். பிறகு என்னிடம், "தம்பி என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

கட்டட அலுவலகத்தில் வேலை என்றேன். அத்திவாரம் வரைகிறேன் என்றேன்.

"அப்ப வீட்டுலயே இன்ஜினியர் இருக்காரு! வீட்டைச் செக் பண்ண நமக்கெதுக்குத் தனியா இன்ஸ்பெக்டர்?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆம், சிரித்தேன்!

வாங்குபவர்கள் நம்மவர்களாக இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முகம் தெரியாத, மொழி தெரியாத யாரோ என்று நினைத்து என்னைத் தேற்றியிருந்தேன். மொழி தெரியாதவர்களுடைய குழந்தைக்கு நுரையீரல் இல்லையா என்ன? அதையும் அன்றுதான் யோசித்தேன்.

இருந்தாலும் அவர்கள் பரிசோதகரை அழைத்து வந்தார்கள். வெள்ளிக்கிழமை. பிரெஞ்சு மட்டும் பேசுகிற பெரிய உடம்புக்காரர், சேறு படிந்த சப்பாத்து. மொழிபெயர்க்க நான் நிற்கிறேன் என்று நானாகவே சொல்லியிருந்தேன். காலையில் அம்மாவிடம், "இண்டைக்கு வெள்ளியல்லோ, விளக்கேத்திப்போட்டுப் போங்கோ" என்றேன். அம்மா ஏற்றினார். ஒன்றும் அறியாமல் ஏற்றினார்.

பரிசோதகர் ஈரம் பார்க்கும் கருவியை மற்றச் சுவர்களில் வைத்துக்கொண்டே வந்தார். அது சத்தமிடவில்லை. அலுமாரிக்கு முன் நின்றார். இதை முன்னுக்கு இழுக்க முடியுமா என்று கேட்டார்.

நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். அந்த ஒரு வசனத்தில் நான் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"ஐயோ, விளக்கு எரியுது! ஷூ வேற போட்டிருக்காரு. வேண்டாம் தம்பி, சாமியை எல்லாம் நகர்த்த வேண்டாம்னு சொல்லுங்க" என்றார் சரண்யா.

செந்தில் தயங்கினார். "பின்னாடி ஒருவாட்டி பாத்துட்டா நல்லதில்லையா..."

"சும்மா இருங்க. சாமிக்குப் பின்னாடி என்ன இருக்கப்போகுது?"

செந்தில் என்னைப் பார்த்தார். ஒரு பதிலுக்காகப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். 'இழுத்துப் பாருங்கோ.' அவ்வளவுதான்! விளக்கை அணைக்க எத்தனை நேரம் ஆகும்? அப்பாவின் முழங்கால்... அவர் எழுதிய கையெழுத்து... அம்மா என் கன்னத்தைப் பிடித்தது... எல்லாம் ஒன்றாக வந்து என் வாயை மூடின. இல்லை, அவை மூடவில்லை. நான்தான் மூடிக்கொண்டேன்.

பரிசோதகரிடம், வேண்டாமாம் என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் தோளை உயர்த்திவிட்டுக் குறித்துக்கொண்டார். அறிக்கையில் ஒரு வரி இருந்தது: மேற்குச் சுவரின் ஒரு பகுதி, மதப் பொருட்கள் காரணமாகப் பார்க்கப்படவில்லை. அந்த வரியை வாசித்தபோது எனக்கு வந்தது என்ன தெரியுமா? நிம்மதி!

வீட்டு உறுதி எழுதும் நொத்தாரிசு அலுவலகத்தில் கையெழுத்தெல்லாம் முடிந்தபின், "அந்த அலுமாரிய அப்படியே விட்டுட்டுப் போறீங்களாம்மா? அந்த இடத்துக்கே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு" என்று சரண்யா கேட்டார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "கொண்டுபோகவே மாட்டம் பிள்ளை. சாமிக்கு ஒரு இடம் குடுக்கிறது எங்களுக்குப் பாக்கியம்" என்றார். எங்கள் படங்களை எடுத்துக்கொண்டோம். அலுமாரி சுவரோடு நின்றது. அவர்கள் தங்கள் படங்களை வைத்தார்கள்.

இப்போது என் பொய்யை அவர்களுடைய சாமி காக்கிறது.

மாரி முழுவதும் நிலம் கல்லாக உறைந்திருந்தது. நானும் அப்படியே இருந்தேன். அப்பா மின்தூக்கியில் ஏறி இறங்கினார். சந்தைக்குப் போய்த் தக்காளியை அமுக்கிப் பார்த்து, கடைக்காரரோடு கையாலேயே பேசிப் பேரம் பேசினார். "நல்ல வேலை செய்தாய் தம்பி" என்று அடிக்கடி சொன்னார். ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஏதோ ஒன்று ஓர் அங்குலம் கீழே இறங்கும்.

பிறகு மார்ச் வந்தது. தண்ணீர் ஓடத் தொடங்கியது.

சென்ற செவ்வாய்க்கிழமை பின்னேரம் செந்தில் அழைத்தார். கூடத்தில் நின்று எடுத்தேன். மேசையில் மதுரா படித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, ஒரு சின்ன விஷயம். கீழ ரூம்ல ஒரு மாதிரி வாசனை வருது. பழைய புஸ்தகம் மாதிரி. குளிர்காலத்துல இல்ல, ஒரு ரெண்டு வாரமாத்தான். உங்களுக்கும் இப்படி வருமா?"

"பனி கரையிற நேரம் எல்லாப் பேஸ்மென்ட்டிலயும் அப்பிடித்தான் அண்ணா" என்றேன். என் குரல் எவ்வளவு இயல்பாக வந்தது! "ஈரம் இழுக்கிற மெஷின் ஒண்டு வையுங்கோ. சரியாகும்."

"அப்படியா? நான் அலுமாரிய நகர்த்திப் பாக்கலாமான்னு கேட்டேன். சரண்யா விடமாட்டேங்குறா. வச்ச இடத்துலேருந்து எடுக்கக்கூடாதாம்."

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? யோசித்துப் பாருங்கள். கதவு தானாகத் திறந்து நின்றது. மூன்றாவது தடவையாகத் திறந்து நின்றது!

"ஓம்... அதை எடுக்கத் தேவையில்லை" என்றேன்.

"சரி தம்பி. நல்லவேளை உங்ககிட்ட கேட்டேன். இந்த ஊர்ல எங்களுக்கு வேற யாரைத் தெரியும்?"

அவர் பேசும்போதே, அவருக்குப் பின்னால் எங்கோ, குழந்தை இருமினாள். இரண்டு சிறிய இருமல், ஓர் இடைவெளி, பிறகு நீண்ட ஒன்று. "தியாவுக்கு டேகேர்ல ஏதோ ஒட்டிக்கிச்சு, ஒரு மாசமா விடல" என்று அவர் சொல்லிச் சிரித்தார். அந்த வரிசை எனக்குத் தெரியும். நான்கு வருடங்கள் தரைக்குக் கீழிருந்து அது வரக் கேட்டவன் நான்.

தொலைபேசியை வைத்தபோது மதுரா புத்தகத்தை மூடியிருந்தாள். வயது பதினேழு. என்னைவிடக் கெட்டிக்காரி.

"கீழ அறையில மணமோ?" என்றாள்.

நான் தொலைபேசியைப் பைக்குள் போட்டேன்.

"அண்ணா, என்னை மேல வரச்சொன்னது படிக்கிறதுக்கு வெளிச்சம் வேணுமெண்டோ... இல்லாட்டி வேற எதுக்குமோ?"

நான் அடுத்த அறையின் கதவை மெல்லச் சாத்தினேன். அவளுடைய முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வந்தது. புது வெள்ளை. அலுமாரி. நான் விடாப்பிடியாக நின்ற அந்த மூலை. அவள் சத்தம் போடுவாள் என்று பயந்தேன். அடுத்த அறையில் அப்பா. அவள் சத்தம் போடவில்லை. அது அதைவிடப் பயமாக இருந்தது.

"என்னை நீ மேல எடுத்தாய்" என்றாள் மெதுவாக. "அந்தப் பிள்ளையை ஆர் மேல எடுக்கிறது?"

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் அப்பாவின் கையையே பார்க்கிறாள்; அந்தக் கையெழுத்தை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிகிறது. சொன்னால், நீதிமன்றத்தில் அழைக்கப்படுவது அப்பாவின் பெயர். எலி வந்ததைக்கூட மறைக்காத மனிதரின் பெயர். சொல்லாவிட்டால்... ஒவ்வோர் இரவும் ஒரு குழந்தை அந்தச் சுவரிலிருந்து நான்கு அடி தூரத்தில் மூச்சு விடுகிறாள். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் விழுகிறார். விழாமல் நிற்பவன் நான் ஒருவன்தான். அதுதான் என்னை அதிகம் நடுங்கவைக்கிறது.

மன்னிப்பை நான் உங்களிடம் கேட்கவில்லை. நீங்கள் யார் மன்னிக்க? நீங்கள் அந்த அறையில் படுக்கவில்லை. உங்களுக்குச் சொன்னதில் எனக்கு ஒரு பாரமும் குறையவில்லை. தெரிய வேண்டியவர்களுக்கு இன்னும் தெரியாது, தெரியத் தேவையில்லாத உங்களுக்குத் தெரியும். இவ்வளவுதான் நான் செய்திருக்கிறேன்.

இன்று காலையிலிருந்து மழை. செந்திலின் இலக்கத்தைத் திரையில் வைத்துக்கொண்டு யன்னலருகே நின்றேன். ஒரு தடவை அழுத்தினேன். மணி போவதற்குள் நிறுத்தினேன். மறுபடி அழுத்தினேன். ஒரு மணி போனது... நிறுத்திவிட்டேன்.

"ஆரோட தம்பி கதைக்கிறாய்?" என்று அப்பா உள்ளிருந்து கேட்டார்.

"ஒருத்தரோடயும் இல்லை அப்பா" என்றேன்.